ஒரு கட்டை கீழே

சங்கீத வட்டாரத்தில் அவளுக்கு 'ஆறு கட்டை' என்று பட்டப்பெயர். பாடகர் ஒவ்வொருவருக்கும் காலூன்றி நிற்க ஒரு சுருதி உண்டு. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். மற்றப் பெண்கள் ஐந்திலோ ஐந்தரையிலோ பாட, அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே ஆறில் பாடினாள். சுருதி ஏறினால் அதன்மேல் நிற்கும் பாட்டு முழுவதும் ஏறும். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அவள் அசையாமல் நிறுத்தும்போது, கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அந்த ஓர் இடத்துக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். அவளும் அந்த இடத்தை நோக்கியே ஒவ்வொரு கச்சேரியையும் கொண்டுபோவாள்.

இரண்டு மாதமாக அந்த இடம் வழுக்கிக்கொண்டிருந்தது. காலையில் குரல் எழும்ப நேரம் பிடித்தது. மாலையில் சீக்கிரம் களைத்தது. போன மாதம் ஒரு கச்சேரியை ஜலதோஷம் என்று சொல்லி ரத்து செய்தாள். ஜலதோஷம் எதுவும் இல்லை.

தொண்டை மருத்துவர் அவளுடைய நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, கேமரா வைத்த கம்பியை வாய்க்குள் விட்டார்.

"ஈன்னு சொல்லுங்க."

அவள் பழக்கதோஷத்தில் மேலே போய்ச் சொன்னாள்.

"அவ்வளவு உசரம் வேணாம். இங்க யாரும் டிக்கெட் வாங்கிட்டு வரல. சாதாரணமா சொல்லுங்க."

பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு வெளிறிய பட்டைகள் திறந்து மூடின. இத்தனை வருஷம் தனக்குச் சோறு போட்டது இதுதானா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. பார்க்க மீனின் செவுள் மாதிரி இருந்தது. இடப்பக்கப் பட்டையின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி, கொசு கடித்த இடம் போல.

"இது குரல் நாண் மேல ஓடுற ரத்தக்குழாய். வீங்கியிருக்கு. எம்பிப் பாடும்போது இது உடைஞ்சா உள்ளேயே ரத்தம் கசியும். அப்புறம் அந்த இடம் தழும்பாயிடுச்சுன்னா, குரல் பழையபடி வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"அடுத்த ஞாயிறு கச்சேரி இருக்கு டாக்டர்."

"தள்ளிப் போடலாமா?"

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் ஜலதோஷம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு, இது வெறும் கச்சேரி இல்லை. கச்சேரியை நடத்தும் மன்றத்தின் செயலாளர் வெளியூர்ச் சுற்றுப்பயணம் ஒன்றுக்குப் பாடகி தேடிக்கொண்டிருந்தார். 'ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்' என்று அவளிடமே சொல்லியிருந்தார். இந்த வருஷம் அவளுக்கு வந்திருந்த ஒரே பெரிய வாய்ப்பு அதுதான்.

மருத்துவரிடம் பாடகர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவருக்குக் கட்டைக் கணக்கு தெரிந்திருந்தது.

"அப்ப அஞ்சு நாள் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கறதும் கூடாது, அது பேசறதவிட மோசம். பிறகு கொஞ்சம் கொஞ்சமா பாடிப் பாருங்க. சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கோங்க. ஆறு வேணாம், அஞ்சு. குரல் கரகரன்னு மாறினா, அந்த நிமிஷமே நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணணும்."

சட்டையை ஓர் அங்குலம் பிடித்துத் தைக்கச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்.

---

வீட்டில் கணவரும் கணவரின் தங்கையும்தான். கணவர் பேருந்துக் கம்பெனி ஒன்றில் கால அட்டவணை போடுகிறவர். அவரிடம் மட்டும் அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். நாத்தனாருக்குத் தொண்டைக்கு ஓய்வு என்று மட்டும் தெரியும்.

"மூணு நாளா இந்த வீட்டுல ஒரே அமைதி" என்றாள் நாத்தனார். "ஓய்வு அண்ணி தொண்டைக்கா, இல்ல உன் காதுக்கா அண்ணா?"

"ரெண்டுக்கும்தான். நீயும் கொஞ்சம் உதவி பண்ணலாம்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் பயமாக இருந்தது. இருமல் வந்தால் பயம். தூக்கத்தில் பேசிவிடுவோமோ என்று பயம். வாயைத் திறந்து ஒரே ஒரு 'ம்' சொல்லி, குரல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்ற ஆசை நாளுக்கு நூறு முறை வந்தது.

மிருதங்கக்காரர் அன்றுதான் தொலைபேசியில் கூப்பிட்டார். பல வருஷமாக அவளுக்கு வாசிப்பவர். கைக்குக் குறையில்லை, வாய்தான் சற்று அகலம். முதுகுக்குப் பின்னால் அவரை 'ரேடியோ' என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் மூத்த பாடகி ஒருவர் சுருதியை அரைக் கட்டை இறக்கினார். மறுநாளே அது கச்சேரி அரங்கத்துக் கான்டீனில் பேச்சாகிவிட்டது. "இறங்கிட்டாங்க" என்று மிருதங்கக்காரர் சொன்ன ஒரு சொல், ஊர் சுற்றி வருவதற்குள் "தொண்டை போயிடுச்சு" என்று ஆனது. அடுத்த வருஷம் அந்த அம்மாவுக்குக் கச்சேரிகள் பாதியாகக் குறைந்தன. மிருதங்கக்காரர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவரிடம் சேதி தங்காது, அவ்வளவுதான்.

கணவர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்னம்மா, சௌக்கியமா?"

"நான்தான் பேசறேன் அண்ணா. அவ குளிச்சிட்டிருக்கா."

"சரி சரி. ஞாயித்துக்கிழமை வழக்கம்போல ஆறுதானே? புதுத் தோல் போட்டு வச்சிருக்கேன். வாத்தியம் பேசுது பாருங்க, மணி மாதிரி."

கணவர் அவளைப் பார்த்தார். வயலின் தந்திகளை எந்தச் சுருதிக்கும் முறுக்கிக்கொள்ளலாம். மிருதங்கம் அப்படியில்லை. ஆறுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று தனித்தனி வாத்தியம் வேண்டும். அதனால்தான் மிருதங்கக்காரர் முன்கூட்டியே கேட்பார். அவரிடம் ஐந்து என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மன்றத்துக் காவலாளிவரை தெரிந்துவிடும். செயலாளர் கேட்க வருவது பாட்டாக இருக்காது, அவள் தொண்டையாக இருக்கும். ஆனால் அவர் எப்போதும் காரில் இரண்டு வாத்தியம் போட்டுக்கொண்டுதான் வருவார். கச்சேரிக்கு முன் அறைக்குள் வைத்துச் சொல்லிக்கொண்டால் போதும். ஒலிபரப்ப அவருக்கு நேரம் இருக்காது.

அவள் தலையசைத்தாள்.

"ஆமா அண்ணா" என்றார் கணவர். "வழக்கம்போலதான்."

தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் பொய் சொல்ல வச்சுட்டியே. இதுவரைக்கும் பஸ் நேரத்துக்கு வரும்ங்கற ஒரு பொய்தான் நான் சொல்லிட்டிருந்தேன்."

---

ஆறாம் நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு சுருதிப் பெட்டியின் குமிழை ஐந்துக்குத் திருப்பினாள். பாட ஆரம்பித்ததும், யாரோ தன் வீட்டுக்குள் புகுந்து மேஜை நாற்காலிகளை எல்லாம் நகர்த்தி வைத்துவிட்டது போலிருந்தது. கை போகும் இடத்தில் எதுவும் இல்லை. ஆனால் தொண்டை வலிக்கவில்லை. குரல் வந்தது. கண்ணில் நீர் முட்டிற்று.

ஆசை யாரை விட்டது? மறுநாள் குமிழை ஐந்தரைக்குத் திருப்பிப் பார்த்தாள். கீழே சரியாக இருந்தது, நடுவிலும் சரியாக இருந்தது. மேலே போனபோது தொண்டையை உள்ளிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்ததுபோல இறுகியது. சட்டென்று நிறுத்தினாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல ஒரு 'ம்' சொன்னாள். கரகரப்பு இல்லை. பெட்டியை அணைத்தாள்.

ஐந்துதான். அதில் இனிப் பேச்சுக்கு இடமில்லை.

---

ஞாயிறு மாலை மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு நீண்ட கண்ணாடி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர்க் குடுவை. வயலின் வாசிக்கும் பெண் முன்பே வந்து மூலையில் விரல்களைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். அவளுடன் வாசிப்பது இது இரண்டாவது முறை. கணவர் சுவரோரம் நின்றார். நாத்தனார் அரங்கில் இடம் பிடிக்கப் போயிருந்தாள்.

மிருதங்கக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே டாக்ஸிக்காரர் ஒரே ஒரு வாத்தியத்தைத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

அவள் கதவைப் பார்த்தாள். வேறு எதுவும் வரவில்லை.

"இன்னொண்ணு, அண்ணா?"

"எது? ஓ, அதுவா? இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா. கார் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. டாக்ஸியில வந்தேன். ஆறுக்கு ஒண்ணு போதுமேன்னு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

சுருதிப் பெட்டி ஏற்கெனவே ஐந்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து, வாத்தியத்தின் இடப்பக்கத்தில் நனைத்த ரவையை அப்பி, வலப்பக்கத்தைத் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி தட்டினார்.

"பொட்டி தப்பா இருக்கு பாரு."

"சரியாத்தான் இருக்கு அண்ணா."

"அஞ்சுல இல்ல ஓடுது?"

"அஞ்சுலதான் பாடப் போறேன்."

வயலின் பெண் வில்லைக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்காமல் தந்திகளைத் தளர்த்தத் தொடங்கினாள்.

மிருதங்கக்காரர் தோல் விளிம்பைக் கீழிருந்து மரத்துண்டால் தட்டித் தளர்த்திப் பார்த்தார். வாத்தியம் கொஞ்சம் இறங்கியது. இன்னும் தட்டினார். மணி மாதிரி ஒலித்தது நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆனது.

"அரைக் கட்டை இறங்கும். அஞ்சரை வரைக்கும் வச்சுக்கலாம். அதுக்குக் கீழ இது பேசாது." மரத்துண்டைக் கீழே வைத்தார். "என்னம்மா இது? போன்ல கேட்டேனே."

"கேட்டீங்க."

"அஞ்சரைல பாடிடேன். அரைக் கட்டைதானே?"

அரைக் கட்டைதான். அவள் உள்ளுக்குள் ஒரு கணம் ஆடிப்போனாள். ஐந்தரை என்றால் இந்த வாத்தியம் போதும், கச்சேரி நேரத்துக்குத் தொடங்கும், செயலாளருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாலைதானே? அந்தக் கயிறு இழுத்த இழுப்பு நினைவுக்கு வந்தது. திரையில் பார்த்த சிவப்புப் புள்ளி நினைவுக்கு வந்தது.

"முடியாது அண்ணா. தொண்டையில ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. அரைக் கட்டையில உடைஞ்சுட்டா பிறகு நான் பாடவே முடியாது."

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்படி அவர் செய்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு தொலைபேசியை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"நான்தான். பீரோவுக்குப் பக்கத்துல நீல உறை போட்டது இருக்கு பாரு. சின்னது இல்ல, பெரிசு. அதைத் தூக்கிக்கிட்டு டாக்ஸி பிடிச்சு வா. ஏன் எதுக்குன்னெல்லாம் அப்புறம் கேளு."

"எந்தப் பக்கத்துலேருந்து வரணும்?" என்று கணவர் கேட்டார். மிருதங்கக்காரர் இடத்தைச் சொன்னதும் கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பாலத்துல நெரிசல் இருக்கும். முக்கால் மணி நேரம். அதிர்ஷ்டம் இருந்தா கொஞ்சம் குறையும்."

கதவு திறந்தது. செயலாளர் தலையை நீட்டினார். வழுவழுப்பான குரலில் பேசுகிற மனிதர். "அரங்கம் நிறைஞ்சிருக்கு. ஆரம்பிச்சிடலாமா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆரம்பிக்கலாம் சார்" என்றாள் அவள்.

கதவு மூடியதும் மிருதங்கக்காரர் திரும்பினார். "எப்படி ஆரம்பிப்ப? வாத்தியம் இல்லாம?"

"ஆலாபனைக்குத் தாளம் வேண்டாமே அண்ணா. ராகம் பாடறேன். வாத்தியம் வர்றவரைக்கும் பாடறேன்."

"முக்கால் மணி நேரமா?"

"வேற வழி இல்ல."

"அதுவரைக்கும் நான்?"

அவர் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டார். "பந்தியில உக்கார வச்சுட்டு இலை போடாத மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் உள்ள இருந்தா எனக்கும் உனக்கும் சண்டைன்னு பேசுவாங்க. வந்து உக்கார்றேன். நட."

---

திரை விலகியதும் அரங்கில் ஒரு சலசலப்பு. வெறும் மடியோடு ஒரு மிருதங்கக்காரர் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்ததில்லை. முன்வரிசையில் செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். நாத்தனார் மூன்றாவது வரிசையிலிருந்து கையை விரித்து 'என்ன?' என்று சைகை காட்டினாள்.

அவள் ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டாள். பைரவி ராகத்தைத் தொடங்கினாள்.

தொடங்கிய உடனேயே முதல் பயம் வந்தது. ஆறில் பாடும்போது கீழ் ஸ்தாயியில் அவளுக்குப் பெரிதாக வேலை இருந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல இரண்டு தொடு தொட்டுவிட்டு மேலே ஓடிவிடுவாள். இப்போது மேலே ஓட முடியாது. முக்கால் மணி நேரத்தைக் கீழேயும் நடுவிலும்தான் கழிக்க வேண்டும். அங்கே அவளுக்குத் தெரிந்தது எவ்வளவு?

ராகத்தின் நாலைந்து பிடிகளை, சின்னச் சின்ன ஸ்வரக் கோவைகளை, பாடினாள். வயலின் பெண் அதே பிடிகளை மெல்லத் திருப்பி வாசித்தாள். இன்னும் கீழே இறங்கினாள். குரல் மெலிந்து காற்றாகிவிடும் என்று எதிர்பார்த்தாள். மெலிந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. ஒலிவாங்கி அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பாடியபோது, அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் இவ்வளவு இடம் இருப்பது தெரிந்தது. அதைக் கடந்து எத்தனை முறை ஓடியிருக்கிறாள்!

தொண்டையில் ஒரு கூச்சம் எழுந்தது. மேடையில் இருமினால் என்ன ஆகும் என்று யோசித்து உடம்பெல்லாம் வியர்த்தது. பிடியைச் சுருக்கி முடித்து வயலின் பக்கம் கையை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். அவள் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாக விழுங்கினாள். கூச்சம் அடங்கியது. பக்கவாட்டுக் கதவைப் பார்த்தாள். மூடியே இருந்தது.

மறுபடி பாடினாள். அரங்கம் எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. எல்லோரும் அந்த மேல் ஸ்வரத்துக்காகக் காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு வயதானவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். பைரவி மெல்லப் படியேறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு படிதான். பழைய பழக்கத்தில் வயிறு இறுகியது, கழுத்து நிமிர்ந்தது. ஐந்துதானே, ஐந்தில் ஒரே ஒரு முறை எம்பினால் என்ன என்று உடம்பே அவளைத் தள்ளியது.

அந்த மேல் ஸ்வரத்தை, மேல் ஸட்ஜத்தை, விரல் நுனியால் தொடுவதுபோலத் தொட்டாள். நிறுத்தவில்லை. உடனே இறங்கினாள்.

முன்வரிசைக்காரர் பின்னால் சாய்ந்துகொண்டார். யாரோ இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவளுக்குக் காது சூடாயிற்று. வயலின் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. அவள் இமையை மூடித் திறந்தாள். போ என்று அர்த்தம்.

வயலின் மேலே போனது. அவள் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போய், அந்த ஸ்வரத்தைப் பிடித்து, நீளமாக, அசையாமல் நிறுத்தியது. அரங்கம் கைதட்டியது. இத்தனை வருஷமாக அவளுக்கு வந்த கைதட்டல். சின்னப் பெண் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பொறாமை எழுந்தது. அதை விழுங்கிவிட்டு, வயலின் ஓய்ந்த இடத்துக்கு அடியில் இறங்கி, அவள் மறுபடி கீழிருந்து தொடங்கினாள்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் மிருதங்கக்காரர் தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவர் "ம்ம்" என்றது அவளுக்கு மட்டும் கேட்டது.

கதவு திறந்தபோது மிருதங்கக்காரரின் மனைவி நீல உறையோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார். அரங்கம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. ஒரு வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேடையேறி, வாத்தியத்தை மிருதங்கக்காரர் மடியில் வைத்துவிட்டு, "டாக்ஸிக்காரன் பாலத்துல நிக்க வச்சுட்டான்" என்றார். ஒலிவாங்கியில் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அப்போது அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

---

கச்சேரி முடிந்து அறைக்குத் திரும்பியதும் அவள் முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மெல்ல ஒரு சொல் சொல்லிப் பார்த்தாள். குரல் களைத்திருந்தது. கரகரப்பா, வெறும் களைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிருதங்கக்காரர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். "எங்கிட்ட ஏம்மா மறைச்ச?"

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு பயம் அண்ணா."

"என்னை ரேடியோன்னு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. இடுப்பைத் தடவிக்கொண்டார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்புதான் அண்ணா."

"தப்புதான். என் வீட்டுக்காரிக்கு டாக்ஸியில உசிரே போயிடுச்சு."

செயலாளர் உள்ளே வந்தார். முதலில் வயலின் பெண்ணைப் பாராட்டினார். பிறகு அவளிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு கொஞ்சம் வித்தியாசமா இருந்ததே. ஜலதோஷம் இன்னும் விடலையோ?" என்றார்.

நல்ல கேள்வி. ஆமாம் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். கணவர் சுவரோரத்திலிருந்து அவளையே பார்த்தார்.

"ஜலதோஷம் இல்ல சார். குரல் நாண்ல ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. இனிமே அஞ்சுலதான் பாடுவேன். மேல எம்பிப் பாட மாட்டேன்."

செயலாளர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சங்கீதக்காரர்கள் தொண்டையைப் பற்றி இப்படி நேராகப் பேசி அவர் கேட்டிருக்க மாட்டார். "அப்படியா?" என்றார். பிறகு மறுபடியும், "அப்படியா?" என்றார். "அந்தப் பைரவி... கீழ பாடினீங்களே... அது நல்லாயிருந்தது. ஆனா நான் குழுவுல பேசணும்."

---

மறுநாள் முழுக்க வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதற்கடுத்த நாள் காலைதான் மருத்துவர் பார்ப்பார். அதுவரை அந்தச் சிவப்புப் புள்ளி உடைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

மதியம் செயலாளர் கூப்பிட்டார். கணவர் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்தார். தொலைபேசியைச் சமையலறை மேஜைமேல் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். நாத்தனாரும் வந்து நின்றாள். நேற்று இரவே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

"குழு சம்மதிச்சிருக்கு" என்றார் செயலாளர். "அஞ்சு கட்டையில பாடினாலும் பரவால்லன்னுட்டாங்க. ஒரே ஒரு விஷயம். ஊர்கள் அடுத்தடுத்து இருக்கு. தினம் ஒரு கச்சேரி. நடுவுல ஓய்வுன்னு வச்சா அரங்கம் கிடைக்காது. தினமும் பாட முடியுமான்னு கேக்கறாங்க."

நாத்தனார் ஒத்துக்கொள் என்பதுபோல இரண்டு கையையும் கூப்பி அவளைப் பார்த்தாள். கணவர் தொலைபேசியின் ஒலிவாங்கியை விரலால் மூடினார்.

"என்ன சொல்லட்டும்?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது, அதுவும் ஐந்திலேயே. தினமும். மாலையில் பாடிவிட்டு, இரவில் பயணம் செய்து, மறுநாள் மறுபடி. மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள்கூட யோசித்துத்தான் சொல்லுவார். போய்விட்டு வந்து ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றியது. இத்தனை வருஷம் அப்படித்தானே செய்தாள்?

தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"நிச்சயமா?"

மறுபடி ஆட்டினாள்.

கணவர் விரலை எடுத்தார். "சார், அவளால தினமும் பாட முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா, டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றோம்."

"கஷ்டம்தான்" என்றார் செயலாளர். "பாக்கறேன். வேற யாரையாவது கேக்க வேண்டி வரலாம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல சார்."

தொலைபேசி அணைந்தது. நாத்தனார் ஏதோ சொல்ல வந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கைவைத்தாள். பிறகு வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனாள்.

"வருத்தமா?" என்று கேட்டார் கணவர்.

ஆமாம் என்று தலையசைத்தாள். அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"தொண்டை?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தெரியாது.

அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஜன்னல் வழியாக மேஜையின் பாதிவரை வந்திருந்தது. மூலையில் குளிர்சாதனப் பெட்டி ஓட ஆரம்பித்தது. அதன் முனகல் ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு, சத்தம் துளியும் வராமல், மனதுக்குள் அதோடு சேர்ந்து பைரவியின் முதல் பிடியைப் பாடினாள். குளிர்சாதனப் பெட்டி ஓர் உதறலோடு நின்றது. அவள் நிறுத்தவில்லை.